நீர்ச்செடி வளரும் மீன் தொட்டியில் அடிமணலைக் கழுவலாமா?

பள்ளிக்கூடங்களின் விஞ்ஞான அறைகளிலும், மீன்வளத் துறையின் விரிவாக்க அலுவலகங்களிலும், சிற்றூர்ப் பயிற்சி நிலையங்களிலும் கண்ணாடி மீன் தொட்டி ஒன்று இன்று சாதாரணமாகக் காணப்படுகிறது. அடியில் சிறிது மணல், அதில் வேரூன்றிய சில நீர்ச்செடிகள், நடுவே நீந்தும் நாலைந்து மீன்கள் என்ற அளவில் அது அமைந்திருக்கும். அதைப் பராமரிப்பவர்களிடையே அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. மீன்களின் கழிவும், உண்ணாமல் விடப்பட்ட இரையும், உதிர்ந்த இலைகளும் மணலில் தங்குகின்றனவே, அம்மணலை அவ்வப்போது வெளியே எடுத்துக் கழுவ வேண்டாமா என்பதே அது.

நீண்ட விடுமுறை முடிந்ததும் பல பள்ளிகளில் தொட்டியை முழுவதும் காலி செய்து, மணலைக் குழாய் நீரில் பலமுறை அலசி, கண்ணாடியைத் துடைத்து, புதிய நீர் நிரப்பி, மீன்களைத் திரும்ப விடுவது வழக்கமாக இருந்து வருகிறது. தொட்டி பளிச்சென்று காட்சியளிக்கும். ஆயினும் சில நாட்களில் மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடும். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக இறக்கும். கோடை வெப்பத்தின் மீதோ, மீன் விற்றவர் மீதோ பழி சுமத்தப்படும். உண்மையான காரணம், பெரும்பாலும், மணலோடு கழுவிக் கொட்டப்பட்டுவிட்டது. இதனைப் புரிந்துகொள்ள, மணலுக்குள் நடைபெறும் வேலை இன்னதென்று அறிதல் அவசியம்.

ஏரியின் அடிமண்

இயற்கையில் ஏரிகளின் அடிமண்ணை எவரும் கழுவுவதில்லை. நாகலாபுரத்தை எடுத்துக்கொள்வோம். முன்பு சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்து, 2022-ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்துள்ள இவ்வூர், தமிழ்நாட்டின் எல்லைக்கு மிக அருகில் உள்ளது. கிருஷ்ணதேவராயர் தம் தாயார் நாகலாதேவியின் பெயரால் அமைத்த ஊர் எனப்படும் இங்கே, வேதநாராயண சுவாமி கோயிலில் திருமால் மீன் வடிவில் காட்சி தருகிறார். அருகே ஓடும் ஆரணியாறு பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தைக் கடந்து, சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாகப் பழவேற்காட்டுப் பக்கம் கடலை அடைகிறது. இவ்வட்டாரத்து ஏரிகள் வடகிழக்குப் பருவமழையால் நிரம்புகின்றன, கோடையில் வற்றுகின்றன. வற்றிய ஏரியின் வண்டல் மண்ணை உழவர்கள் வண்டிகளில் ஏற்றித் தம் வயல்களுக்கு எடுத்துச் செல்வது நெடுங்கால வழக்கம். மீன்களும் பயிர்களும் விட்டுச் சென்ற சத்து அம்மண்ணில் சேர்ந்திருக்கிறது என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, ஏரியின் அடியில் படிவது வெறும் அழுக்கு அன்று. அது உரமும் ஆகும். இரண்டாவது, ஆண்டுக்கொருமுறை ஏரி வற்றும்போது சேறு வெடித்து, அதனுள் காற்று புகுந்து, தேங்கிய கழிவு சிதைந்துவிடுகிறது. மீன் வளர்ப்புக் குளங்களிலும் இதே முறை கையாளப்படுகிறது. குஞ்சுகளை விடுமுன் குளத்தை வற்றவைத்துக் காயப்போட்டு, ஹெக்டேருக்கு ஏறத்தாழ 200 முதல் 300 கிலோகிராம் வரை சுண்ணாம்பு இடுகிறார்கள். ஆகவே இயற்கையும் குளம் வளர்ப்போரும் அடிமண்ணைப் புதுப்பிக்கிறார்களேயன்றிக் கழுவுவதில்லை.

கண்ணாடித் தொட்டியோ ஆண்டு முழுவதும் நீர் நிறைந்தே இருப்பது. அதன் அளவு மிகச் சிறியது. அதில் மீன்கள் நெருக்கமாக உள்ளன. இரையும் வெளியிலிருந்து போடப்படுகிறது. ஆதலால் ஏரியைப் போல அதை முற்றிலும் கவனியாமல் விடுவதும் இயலாது. பாத்திரத்தைப் போலத் தேய்த்துக் கழுவுவதும் தகாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைத் தேட வேண்டும்.

மணலில் குடியிருப்போர்

மீன்கள் தம் உடற்கழிவை, பெரும்பகுதி அம்மோனியாவாக, செவுள்களின் வழியே நீரில் விடுகின்றன. அழுகும் இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. இது மீன்களுக்கு நஞ்சு. நீரின் காரத்தன்மையும் வெப்பமும் உயர உயர இந்நஞ்சின் வேகம் கூடுகிறது. 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள நீரில், பி.எச். அளவு 7 ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும். பி.எச். அளவு 8 ஆனால் அது நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேலாகிறது. காரத்தன்மை மிகுந்த கிணற்று நீரைப் பயன்படுத்தும் ஊர்களில் கோடை நாட்களில் மீன்கள் விரைவில் இறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுவன சில நுண்ணுயிர்கள். நைட்ரைட்டும் மீன்களுக்குத் தீங்கானதே. அது இரத்தத்தில் புகுந்து பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கிறது. நைட்ரேட்டு அவ்வளவு கேடு விளைவிப்பதன்று; செடிகளுக்கு உணவாகவும் பயன்படுகிறது. இம்மாற்றம் உயிர்களின் செயலே என்பது 1877-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகளான ஷ்லோசிங், மூன்ஸ் என்னும் இருவரால் காட்டப்பட்டது. மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய ஒரு நீண்ட குழாயின் வழியே அவர்கள் சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டார்கள். முதல் சில வாரங்கள் நீர் மாறாமலே வெளிவந்தது. அதன் பின்னர் அதிலிருந்த அம்மோனியா மறைந்து நைட்ரேட்டு தோன்றியது. குளோரோபாரம் ஆவியைக் குழாயினுள் செலுத்தியதும் மாற்றம் நின்றுபோயிற்று. ஆவியை அகற்றித் தோட்ட மண்ணின் கழுநீரைச் சிறிது சேர்த்ததும் அது மீண்டும் தொடங்கிற்று. வெறும் மணல் அவ்வேலையைச் செய்யவில்லை, மணலில் குடியேறிய உயிர்களே செய்தன என்பது இதனால் விளங்கியது. 1890-ஆம் ஆண்டில் விநோகிராட்ஸ்கி என்னும் ரஷ்ய விஞ்ஞானி அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுத்தார்.

மீன் தொட்டிகளைப் பற்றிய அறிவு இதற்கு மிகப் பிற்காலத்திலேயே தெளிவடைந்தது. நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது, நெடுநாள் நம்பப்பட்டு வந்த நைட்ரோபாக்டர் இனம் அன்று, நைட்ரோஸ்பைரா வகையைச் சேர்ந்த உயிர்களே என்பது 1998-இல் வெளியான ஆராய்ச்சியில் தெரியவந்தது. அம்மோனியாவை மாற்றும் வேலையில் ஆர்க்கியா எனப்படும் வேறொரு பிரிவு நுண்ணுயிர்களுக்கும் பெரும்பங்கு உண்டு என்பது 2011-இல் வெளிப்பட்டது.

ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இதுவே: இவ்வுயிர்கள் நீரில் மிதந்து திரிபவை அல்ல. மணல் துகள்களின் மீதும், வடிகட்டும் பஞ்சின் மீதும், இலை தண்டுகளின் மீதும் வழுவழுப்பான மெல்லிய படலமாக ஒட்டி வாழ்கின்றன. நீரை மாற்றினால் அவை போய்விடா. மணலைத் தேய்த்து அலசினால் போய்விடும். பால் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் ஒரு மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகக் கூடும். இவையோ இரட்டிப்பாக ஒரு நாள் அளவு, சில சமயம் அதற்கும் மேல், எடுத்துக்கொள்கின்றன. புதிதாக அமைத்த தொட்டி நிலைபெற நாலு முதல் ஆறு வாரங்கள் ஆவது இதனாலேயே. மணல் முழுவதையும் கழுவியவர் தம் தொட்டியை மீண்டும் முதல் நாளுக்கே கொண்டுபோய் விடுகிறார். மீன்களின் எண்ணிக்கை மட்டும் பழையபடியே இருக்கிறது.

குழாய் நீரில் கழுவுவதால் மற்றொரு தீங்கும் உண்டு. குடிநீர்க் குழாயின் கடைமுனையில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டுமென்பது நம் நாட்டுத் தர அளவு. கிருமிகளை ஒழிப்பதற்காகச் சேர்க்கப்படும் அக்குளோரின், நன்மை செய்யும் கிருமிகளையும் வேறுபாடின்றித் தாக்கும்.

வேர்களும் மணலும்

செடிகளற்ற தொட்டியில் மணல் நுண்ணுயிர்களின் வீடு மட்டுமே. செடிகள் உள்ள தொட்டியிலோ அது வயலும் ஆகிறது. வாலிஸ்னேரியா, கொட்டி, கிரிப்டோகோரைன் முதலிய செடிகள் தமக்கு வேண்டிய சத்தில் பெரும்பகுதியை வேர்களின் வழியே மணலிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. ஏரிச்செடிகள் பாஸ்பரஸ் சத்தை நீரிலிருந்து பெறுகின்றனவா, அடிமண்ணிலிருந்து பெறுகின்றனவா என்று கனடாவில் ஆராய்ந்து 1980-இல் வெளியிட்டார்கள். சத்து மிகமிகச் செறிந்த நீரிலுங்கூட, செடிகள் எடுத்துக்கொண்ட பாஸ்பரஸில் சராசரியாக நூற்றுக்கு 72 பங்கு அடிமண்ணிலிருந்தே வந்தது என்று அவ்வாராய்ச்சி காட்டியது. மணலில் இறங்கும் மீன் கழிவு இச்செடிகளுக்கு எருவாகும். அதை முற்றிலும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் பிறகு கடையில் உரவில்லை வாங்கி மணலில் புதைப்பது வீண் செலவு.

வேர்கள் வாங்குவதோடு நில்லாமல், திரும்பக் கொடுக்கவும் செய்கின்றன. இலைகளில் உண்டாகும் பிராணவாயுவில் ஒரு பகுதி தண்டின் வழியே இறங்கி, வேர் முனைகளிலிருந்து மணலுக்குள் கசிகிறது. அதனால் வேர் அடர்ந்த மணல் எளிதில் அழுகுவதில்லை. மணலைக் கிளறும்போது இந்த நுண்ணிய வேர்கள் அறுந்து போகின்றன. பிடுங்கி நட்ட கிரிப்டோகோரைன் செடியின் இலைகள் சில நாட்களில் கரைந்து விழுவதைப் பலர் கண்டிருப்பார்கள்.

வேலம்பாசி, மிதக்கும் பாசி முதலியவை பெரும்பாலும் நீரிலிருந்தே சத்தை எடுப்பவை. அவற்றை மட்டும் வளர்க்கும் தொட்டியில் மணலுக்கு வயல் என்ற பயன் குறைவு. ஆயினும் நுண்ணுயிர்களின் வீடு என்ற பயன் அப்படியே நிற்கிறது.

மணல் கெடுவது எப்பொழுது?

மணலை ஒருபோதும் தொடலாகாது என்று கூறுவதும் சரியன்று. பிராணவாயு புகாத இடத்தில் கழிவு அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு உண்டாகும். இது அழுகிய முட்டை நாற்றமுடையது. மீன்களுக்குக் கொடிய நஞ்சு. மணலில் உள்ள இரும்புடன் அது சேரும்போது கரிய நிறம் தோன்றும். கண்ணாடி ஓரமாகப் பார்க்கையில் மணலின் அடிப்பகுதியில் மெல்லிய கருங்கோடு தெரிவதாலேயே அச்சம் கொள்ள வேண்டியதில்லை. மேல் மணலில் பிராணவாயு இருக்கும் வரையில், அடியிலிருந்து எழும் வாயு அங்கேயே மாற்றமடைந்துவிடும். அவ்வடிப்பகுதியில் நைட்ரேட்டு சிதைந்து நைட்ரஜன் வாயுவாக வெளியேறுவதும் நன்மையே. ஆனால் கருமை மேற்பரப்பு வரை பரவுதல், நாற்றம் வீசுதல், செடியின் வேர்கள் கறுத்து அழுகுதல் ஆகிய மூன்றும் கெடுதலின் அறிகுறிகள்.

இவற்றைத் தடுக்கும் வழி, தொட்டியை அமைக்கும்போதே தொடங்குகிறது. மணல் துகள்கள் 1 முதல் 3 மில்லிமீட்டர் பருமன் உள்ளவையாக இருத்தல் நலம். மிக நுண்ணிய மணல் இறுகிவிடும்; பெருங்கல்லின் இடைவெளிகளில் இரை விழுந்து அழுகும். படுகையின் ஆழம் 5 முதல் 7 சென்டிமீட்டர் வரை போதும். ஆற்று மணலைப் பயன்படுத்துவோர், ஒரு பிடியை எடுத்து அதன்மேல் காடியையோ எலுமிச்சைச் சாற்றையோ ஊற்றிப் பார்க்க வேண்டும். நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்பு அல்லது கிளிஞ்சல் கலந்துள்ளது. அது நீரின் காரத்தன்மையை உயர்த்தும். தக்க மணலைத் தேர்ந்த பின், கலங்கல் நீங்கும் வரை பலமுறை கழுவ வேண்டும். நூல்களில் மணலைக் கழுவுமாறு கூறப்பட்டிருப்பது பெரும்பாலும் இந்த முதற் கழுவலைக் குறித்தே. அதை ஆண்டுதோறும் செய்ய வேண்டிய சடங்காகக் கொண்டதே பல இழப்புகளுக்குக் காரணமாயிற்று.

செய்யத்தக்க முறை

செடிகள் நிலைபெற்ற தொட்டியில் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நீரை மாற்றுவது போதுமானது. ஒரு ரப்பர்க் குழாயில் நீர் நிரப்பி, ஒரு முனையைத் தொட்டிக்குள்ளும் மற்றதைக் கீழே உள்ள வாளியிலும் வைத்தால் நீர் தானே இறங்கும். குழாயின் வாயை மணலுக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்து, செடியில்லாத வெற்றிடங்களில் மெல்ல நகர்த்த வேண்டும். மேலே கிடக்கும் தளர்ந்த கழிவு நீரோடு வந்துவிடும், மணல் கலையாது. செடிகளின் அடியில் குழாயைச் செருகலாகாது. உதிர்ந்த இலைகளைக் கையாலேயே எடுத்துவிடலாம். வாளியில் சேர்ந்த நீர் தோட்டத்துச் செடிகளுக்கு நல்ல எரு. சாக்கடையில் கொட்ட வேண்டியதில்லை.

புதிதாக ஊற்றும் குழாய் நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து குளோரின் நீங்கிய பிறகே சேர்க்க வேண்டும். வடிகட்டும் பஞ்சு அடைத்துக்கொண்டால், வாளியில் எடுத்த தொட்டி நீரிலேயே அதைப் பிழிந்து எடுக்க வேண்டும். பஞ்சைச் சுத்தம் செய்யும் அதே நாளில் மணலைத் தொடாதிருப்பது நலம். ஓரிடத்து நுண்ணுயிர் குறைந்தாலும் மற்றோரிடத்தில் நிறைய இருக்கும்.

மணல் உண்மையாகவே கெட்டு நாற்றமெடுத்தால், ஒரே நாளில் முழுவதையும் கிளறக் கூடாது. கிளறினால் தேங்கியிருந்த நச்சு வாயுவும் அம்மோனியாவும் ஒருங்கே நீரில் கலந்து, பிராணவாயுவும் குறைந்துவிடும். 30 டிகிரி வெப்பமுள்ள நீர், லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் பிராணவாயுவையே கொள்ளும். கோடையில் மீன்களுக்கு இருப்பு அவ்வளவுதான். ஆகவே படுகையை நாலு பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு பகுதியாகச் சுத்தம் செய்ய வேண்டும். செடியே இல்லாத தொட்டியில் கழிவை உண்ண வேர்கள் இல்லாமையால், குழாயை மணலுக்குள் சற்று இறக்கி அடிக்கடி எடுப்பது தேவை. கடும் நோயால் மீன்கள் பெருமளவில் இறந்தால் மட்டும், தொட்டியைக் காலி செய்து, மணலைக் கொதிக்கவைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவது தகும். அப்போது புதிய மீன்களை ஒன்றிரண்டாகவே, வாரங்கள் இடைவிட்டுச் சேர்க்க வேண்டும்.

துப்புரவு மீன் என்னும் பேராபத்து

அடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி, உறிஞ்சும் வாயுடைய கெளிற்று மீன் வகை ஒன்று கடைகளில் விற்கப்படுகிறது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இம்மீன் கண்ணாடியில் படியும் பாசியைச் சிறிது மேயுமேயன்றி, மணலில் உள்ள கழிவை அகற்றாது. தானே மிகுந்த கழிவை உண்டாக்கும். விரலளவில் வாங்கப்படுவது ஓரடிக்கு மேல் வளர்ந்து, செடிகளைப் பெயர்த்துவிடும். அதன்பின் வளர்ப்போர் பலர் அதை அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடுகிறார்கள். அவ்வாறு விடப்பட்டவை ஆந்திரப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும் பல நீர்நிலைகளில் பெருகி, முள் போன்ற செதில்களால் மீனவர்களின் வலைகளைக் கிழிப்பதோடு, கரைகளில் வளை தோண்டியும், நம் நாட்டு மீன்களின் உணவைப் பறித்தும் கேடு செய்து வருகின்றன. ஒரு பள்ளித் தொட்டியின் துப்புரவுக்கென வாங்கிய மீன், ஒரு வட்டாரத்து மீனவர்களின் பிழைப்பைக் கெடுக்கக் கூடும். தொட்டியில் வளர்ந்த மீனையோ செடியையோ ஏரி, குளம், ஆறு எதிலும் விடலாகாது என்பதை மாணவர்களுக்கு உறுதியாகக் கற்பிக்க வேண்டும். மணலில் புதைந்து நடமாடும் சிறு சுருள் நத்தைகள் நம் நீர்நிலைகளிலேயே உண்டு. அவை மணலை மெல்லக் கிளறிக்கொண்டிருப்பதால், அளவோடு இருக்கும் வரையில் அவற்றைக் களைய வேண்டியதில்லை.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஷ்லோசிங், மூன்ஸ் ஆகியோர் கண்டதை எந்தப் பள்ளியிலும் எளிய முறையில் காட்டலாம். அகன்ற வாயுடைய இரண்டு கண்ணாடிச் சாடிகளை எடுத்துக்கொள்ள வேண்டும். நாள்பட்ட தொட்டியிலிருந்து எடுத்த மணலைக் கழுவாமல் ஒன்றிலும், அதே அளவு மணலை அரை மணி நேரம் கொதிக்கவைத்து, அலசி, ஆறவைத்து மற்றொன்றிலும் இட வேண்டும். இரண்டிலும் குளோரின் நீங்கிய நீர் ஒரு லிட்டர் ஊற்ற வேண்டும். 1 கிராம் நவச்சாரத்தை 1 லிட்டர் நீரில் கரைத்து, அக்கரைசலில் 10 மில்லிலிட்டர் வீதம் இரு சாடிகளிலும் சேர்க்க வேண்டும். வாயை மெல்லிய துணியால் மூடி நிழலில் வைத்து, நாளுக்கு இருமுறை கலக்கிவர வேண்டும். மீன் கடைகளில் கிடைக்கும் சோதனைத் துளிமருந்தைக் கொண்டு இரண்டு நாட்களுக்கு ஒருமுறை அம்மோனியாவை அளந்தால், கழுவாத மணலுள்ள சாடியில் அது குறைந்துகொண்டே வருவதையும், கொதித்த மணலுள்ள சாடியில் நெடுநாள் குறையாமல் நிற்பதையும் காணலாம். சாடிகளில் மீன்களை விடக் கூடாது.

பார்வைக்கு இரண்டாவது சாடியின் மணலே தூய்மையாகத் தோன்றும். எனினும் மீன் உயிர் வாழத்தக்க நீரை உண்டாக்குவது முதற் சாடியின் மணலே. மாணவர்கள் இதைத் தம் கண்ணாலேயே கண்டுவிட்டால், தொட்டியின் அடிமணலைக் கழுவலாமா என்ற கேள்விக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. மேலே கிடக்கும் கழிவை எடுக்கலாம். வேரோடிய மணலை விட்டுவைக்க வேண்டும்.